மஞ்சள் தடவிய இணைய முகவரி

1

போன வாரம் எங்கள் வீட்டு இணையப் பெட்டியை மாற்ற ஒரு பெண் வந்தாள். கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து வரிசையாகக் கேள்வி கேட்டாள். வீட்டில் எத்தனை கணினி, சுவர் எவ்வளவு கனம், விளையாட்டு நேரலை பார்ப்பீர்களா, பார்க்கும்போது படம் நின்று நின்று வருமா. கடைசியாக, "ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்ப்பீர்கள்?" என்றாள்.

"நாற்பத்தொரு பேர்" என்று சொல்லிவிட்டேன். வாய்தவறி வந்துவிட்டது.

அவள் எங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அதில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். என்ன எழுதினாள் என்பதுதான் இப்போது என் கவலை. இந்தச் சின்ன வீட்டில் நாற்பத்தொரு பேர் குடியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தால்? நகரசபையிலிருந்து ஆள் வந்தால்?

"வந்து எண்ணிப் பாக்கட்டுமே. மூணு பேருதான இருக்கோம்" என்றாள் என் மனைவி கலா.

அவளுக்கு எதுவும் பெரிதில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்த நாற்பத்தொரு பேர் யார் என்று எழுதினால்தான் என் மனசு ஆறும். ஊரில் இருக்கும் நீங்கள், வெளிநாட்டில் இணையம் எல்லாம் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கும் இதில் பதில் இருக்கிறது. படம் நிற்காமல் ஓட என்ன செய்யவேண்டும் என்பதும் இருக்கிறது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

2

எங்கள் அப்பா மில் தொழிலாளி. வீடு புதுச்சேரியில், கதிர்காமத்தில். நான் பெரியவன், தம்பி குமரன் எனக்கு ஆறு வயது இளையவன். கலாவின் தாத்தா காலத்திலேயே அவர்கள் குடும்பம் பிரெஞ்சு குடியுரிமைக்காரர்கள். அவளைக் கட்டிக்கொண்டு பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பாரிசுக்குப் பக்கத்து ஊருக்கு வந்தேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர் அங்கி. எல்லாம் வெள்ளை. வெளியே வந்தால் பனியும் வெள்ளை. முதல் வருஷம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோய்ச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

குமரன் ஊரிலேயே லேத் பட்டறையில் வேலை செய்கிறான். வாரத்தில் ஆறு நாள் இரும்பைக் கடைகிறான், ஏழாவது நாள் இரும்பை எறிகிறான். பெத்தாங் ஆட்டத்தைச் சொல்கிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்ற ஊர்க்காரர்களுக்காக: ஒரு குட்டி மரக்குண்டை முன்னால் போடுவார்கள். யாருடைய இரும்புக்குண்டு அதற்குக் கிட்டே போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எதிராளியின் குண்டு கிட்டே நின்றால் அதை அடித்துத் தள்ளலாம். முதலில் பதின்மூன்று எடுப்பவர்கள் ஜெயித்தார்கள். குமரன் அடிக்கிற ஆள். முப்பதடி தூரத்திலிருந்து ஆணியின் தலையை அடிப்பான் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். ஆணி வைத்து யாரும் சோதித்ததில்லை.

அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அப்போது என் குடியிருப்பு அட்டை புதுப்பிப்பில் இருந்தது. புது அட்டை வரும்வரை ஒரு தற்காலிகச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டோடு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று சலவைக்கூடத்தில் ஒருவர் சொன்னார். அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால், இவன் எதற்குக் கேட்கிறான் என்று சந்தேகப்பட்டு அட்டையையே நிறுத்திவிட்டால்? கேட்கவில்லை. போகவும் இல்லை. மூன்று மாதம் கழித்து அட்டை வாங்கப் போனபோது அந்த ஜன்னலில் இருந்த அம்மாள் நான் கேட்காமலே சொன்னார், அந்தச் சீட்டில் தாராளமாகப் போய்வரலாமாம்.

குமரனின் கல்யாண ஆல்பத்தில் அண்ணன் நிற்கவேண்டிய இடத்தில் எங்கள் தெரு கேபிள்காரர் நிற்கிறார். சிரித்த முகம். நல்ல மனுஷர். அந்தப் பக்கத்தை மட்டும் நான் சீக்கிரமாகத் திருப்பிவிடுவேன்.

பிறகு ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனோம், அதுவும் ஆகஸ்டு மாதம். போட்டியெல்லாம் பொங்கலுக்குத்தான். ஆக, பதினைந்து வருஷமாக என் தம்பி ஆடி நான் பார்க்கவில்லை.

சென்ற தை மாதம் போன் செய்தான்.

"அண்ணே, பொங்கல் போட்டியில பைனல் போய்ட்டோம். அடுத்த ஞாயித்துக்கெழம குருசுக்குப்பத்துல."

"சபாஷ்டா."

"தோள்பட்ட வலிண்ணே. இதோட குண்ட எறக்கி வெச்சிடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இதான் கடேசி ஆட்டம்."

"ஐயோ, என்ன வலி? எலும்பா? நரம்பா? ஸ்கேன் எடுத்தியா?"

"அத்த வுடு. பாஸ்கரு நெட்ல காட்றேன்றான். கிரவுண்டுக்கு எதுக்கதான அவன் பிரௌசிங் சென்டரு. கேபிள இழுத்து கேமரா வெச்சா, நீ அங்க குந்திக்கினே பாக்கலாம். கல்யாணத்துக்குத்தான் வரல. இதயாவது பாருண்ணே."

3

பார்ப்பேன் என்று சொல்லியாகிவிட்டது. அதிலிருந்து கவலை ஆரம்பித்தது.

முதல் கவலை, படம். சனிக்கிழமை ஒத்திகைக்காக எங்கேயோ நடந்த ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை இணையத்தில் போட்டுப் பார்த்தேன். பந்து வீச ஓடிவருகிறவன் பாதியில் நின்றான். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. வட்டம் நின்றால் அவன் இரண்டு அடி ஓடினான், மறுபடி வட்டம். ஒரு ஓவர் முடிய அரை மணி ஆயிற்று. இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். படம் நின்று நின்று வருவதற்கு பிரெஞ்சில் என்ன சொல்வது என்று தெரியாமல், மூச்சு வாங்குகிறது, இரண்டு அடி போனால் நின்றுவிடுகிறது, மறுபடி மூச்சு வாங்குகிறது என்று விளக்கினேன். அந்தப் பக்கத்திலிருந்தவர் பதறிப்போய், நோயாளிக்கு என்ன வயது, ஆம்புலன்சைக் கூப்பிட்டாகிவிட்டதா என்று கேட்டார்.

பிறகு ஒருவழியாகப் புரிந்துகொண்டு வைத்தியம் சொன்னார். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி உயரத்தில் வை. காற்றில் வரும் இணைப்பை நம்பாதே, கம்பியை நேரே கணினியில் செருகு. வேறு ஜன்னல் எதுவும் திறந்திருந்தால் மூடு. கணினியில் திறந்திருக்கும் ஜன்னல்களைச் சொல்கிறார் என்று கலா சொன்ன பிறகுதான் சமையலறை ஜன்னலை மறுபடி திறந்தேன். பெட்டியைப் பரண்மேல், அரிசி மூட்டைக்கு மேலே ஏற்றினேன். கிரிக்கெட் கொஞ்சம் ஓட ஆரம்பித்தது.

இரண்டாவது கவலைதான் பெரியது. நான் ஒருவன் மட்டும் பார்த்தால் போதுமா? எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று படத்துக்குக் கீழே ஒரு எண் வருமாம். தம்பி எட்டிப் பார்க்கும்போது அதில் ஒன்று என்று இருந்தால் அவன் மனசு என்ன பாடுபடும்? கலாவிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, நம்ம சனத்தக் கூப்புடுவோம்" என்றாள்.

நாலு பேரைக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தோம். நம்முடைய ஆட்களில் நாலு பேரைக் கூப்பிட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அவளுடைய அத்தையைக் கூப்பிட்டால் அத்தையின் நாத்தனாரை விடமுடியாது. நாத்தனாரைக் கூப்பிட்டால் அவர் சம்பந்தி. போனில் சொன்னால் மரியாதை இல்லை. இணைய முகவரியோ முழ நீளம், எழுத்தும் எண்ணும் புள்ளியுமாக, வாயால் சொல்ல முடியாது. ஆகவே தாளில் அச்சடித்துச் சீட்டுச் சீட்டாக வெட்டினோம். வெறும் சீட்டாகக் கொடுப்பதா என்று கலா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். ஒரு வாரம், வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் ரயிலேறினோம். ஒவ்வொரு வீட்டிலும் தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சும் வைத்து, மேலே சீட்டை வைத்து, "ஞாயித்துக்கெழம காலையில பதினோரு மணிக்கு. குடும்பத்தோட பாக்கணும்" என்று நீட்டினோம்.

என் மாமனாருக்கு முதல் சீட்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "மாப்ள, பதினொண்ணுன்னா நான் பத்தரைக்கே உக்காந்துடுவேன்" என்றார். அவர் ரெயூனியன் தீவில் இருக்கும் அண்ணன் மகனுக்கும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் மாடியில் முசே மார்செல், அதாவது மார்செல் ஐயா, என்று ஒரு பெரியவர். கட்டடத்துக்குப் பின்னால் சரளை மண்ணில் தினமும் பெத்தாங் ஆடுவார். புதுச்சேரியில் இந்த ஆட்டம் உண்டு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், மரியாதைக்குத் தலையாட்டுவார், நம்பமாட்டார். அவருக்கும் ஒரு சீட்டு. மஞ்சளை முகர்ந்து பார்த்துவிட்டு, "இரும்புக் குண்டுதானே?" என்றார்.

எங்கள் பெண் நிவேதாவுக்குப் பதினான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், அதுவும் பாதி வார்த்தைதான். அவள் அறைக் கதவில் 'தட்டிவிட்டு வரவும்' என்று பிரெஞ்சில் ஒட்டியிருக்கிறாள். தட்டினால் "அப்புறம்" என்பாள். சித்தப்பாவோடு அவள் உறவு போனில்தான். போன் அவள் கைக்குப் போகும், நலமா என்று இரண்டு பக்கமும் ஒரு தடவை கேட்டுக்கொள்வார்கள், போன் என் கைக்கு வந்துவிடும். கலா கூடத்தில் சீட்டு வெட்டிக்கொண்டிருந்தபோது குளிர்பெட்டியைத் திறக்க வந்தவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

"இது என்ன, கல்யாணமா?"

"சித்தப்பா மேட்ச்சு. ஞாயித்துக்கெழம."

"திங்கள்கிழமை எனக்குக் கணக்குப் பரீட்சை" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் வெட்டிய சீட்டுகளை எண்ணி அடுக்கினேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. அங்கே பிற்பகல் மூன்றரை. முசே மார்செல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார். கலா வடை சுட்டு வைத்திருந்தாள். நான் பரணையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வந்தது. வெயில். அந்த வெயிலைப் பார்த்ததுமே எனக்கு உடம்பு சூடேறிவிட்டது. சாமியானாவின் ஒரு ஓரம், கயிறு கட்டிய மைதானம், சுற்றிலும் ஜனம். நடுவில் என் தம்பி, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டு, துண்டால் குண்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். முன்தலை கொஞ்சம் ஏறியிருந்தது. அப்பா மாதிரி ஆகிவிட்டான்.

"அதோ, அதோ, என் தம்பி!" என்றேன்.

முசே மார்செல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மணிக்கட்டு நன்றாக இருக்கிறது" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி வருவது சாமானியமில்லை.

முதல் பத்து நிமிஷம் நன்றாகப் போயிற்று. ஆறுக்கு ஆறு. எதிராளியின் குண்டு மரக்குண்டை ஒட்டி நிற்கிறது. குமரன் தரையில் கீறிய வட்டத்துக்குள் வந்து நின்றான், முட்டியை மடக்கினான், கையைப் பின்னால் வீசினான், எறிந்தான்.

குண்டு அந்தரத்தில் நின்றது.

கூட்டத்தில் ஒருவர் வாயைத் திறந்தபடி நின்றார். ஒரு நாய் காலைத் தூக்கியபடி நின்றது. குமரன் கை நீட்டியபடி நின்றான். நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"படும்" என்றார் முசே மார்செல்.

"படாது. ஒரு சாண் முன்னால் விழும்" என்றேன் நான். தம்பிமேல் அவநம்பிக்கை இல்லை. எனக்கு எதுவுமே ஒரு சாண் முன்னால் விழும் என்றுதான் தோன்றும்.

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, குண்டு வந்த வழியையும் போகப்போகிற வழியையும் விரலால் வரைந்து காட்டினார். நான் அடுக்களையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்துவந்து அந்த உயரத்திலிருந்து போட்டுக்காட்டினேன். அவர் வாங்கி வேறு கோணத்தில் போட்டார். கிழங்கு நாலு தடவை விழுந்தது, குண்டு இன்னும் விழவில்லை. கடைசியில் வட்டம் நின்றபோது எல்லோரும் வேறு வேறு இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். எட்டுக்கு ஆறு, எதிராளி முன்னால். அந்தக் குண்டு எங்கே விழுந்தது என்று காட்டவே இல்லை. நேரலை அப்படித்தான். நமக்காகக் காத்திருக்காது. மறுபடி வட்டம்.

பெட்டியை அணைத்துப் போட்டேன். கம்பியை உருவிச் செருகினேன். கலாவை மிக்சி போடாதே என்றேன். அவள் மிக்சியே போடவில்லை. மறுபடி வட்டம்தான். பாஸ்கருக்குப் போன் செய்தேன். மைதானத்தின் ஓரத்தில் மேசை போட்டுக் கணினியோடு உட்கார்ந்திருந்தவன் எடுத்தான்.

"பாஸ்கரு, இங்க பெட்டியில ஏதோ கோளாறு. படம் நின்னு போச்சுப்பா."

"ஒங்க பொட்டியில ஒண்ணும் இல்லண்ணே. கோளாறு இங்க. இது நம்ம கடை கம்ப்யூட்டர்லேருந்து நேரா போவுது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்பணும். கொழா ஒண்ணுதான்ணே. கொடம் நாப்பத்தொண்ணு நிக்கிது. எவனுக்கும் ரொம்பல."

"நாப்பத்தொண்ணா?"

"கீழ நம்பர் போட்ருக்கு பாருங்க. எல்லாம் ஒங்க ஊருதான். யாருண்ணே இவ்ளோ பேருக்குச் சொன்னது?"

மீதியிருந்த மஞ்சள் சீட்டுகளை மேசைக்கு அடியில் தள்ளினேன்.

"நாலஞ்சு பேர்னா ஓடும். மத்தவங்கள மூடச் சொல்லுங்க. சீக்கிரம்ணே, ஒரு மணி நேரத்துல ஆட்டம் முடிஞ்சிரும்."

5

கூப்பிட்டவர்களைப் போகச் சொல்வது எப்படி? எந்தக் கல்யாணத்திலும் இதற்கு ஒரு சடங்கு கிடையாது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நான்தான் இழுத்துவிட்டேன். எண் குறைவாக இருக்குமே என்று பயந்து பயந்து, தம்பியின் கடைசி ஆட்டத்தை நானே அடைத்துவிட்டேன்.

கலா வீட்டுப் போனை எடுத்தாள். "நான் பேசுறேன். நீங்க நம்பரப் பாத்துச் சொல்லுங்க."

முதல் போன் அவளுடைய பெரிய அத்தைக்கு. உள்ளதை உள்ளபடி சொன்னாள். அத்தையின் குரல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

"ஏண்டி, மஞ்ச தடவிக் கூப்புட்டுட்டு, எல போட்டு ஒக்காந்தப்புறம் ஏந்திரின்றியா? ஒன் வூட்டுக்காரரு சொல்லச் சொன்னாரா?"

"இல்லத்த, நெட்டு..."

"நாங்க மூடிர்றோம்மா. இனிமே ஒங்க வூட்டு நெட்டுப் பக்கமே வரல."

நாற்பது.

உண்மை சொன்னால் உறவு போகும் என்று கலா உடனே புரிந்துகொண்டாள். அடுத்த வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொய். ஒருவருக்கு, வைரஸ் வருகிறது, கணினி எரிந்துவிடும். இன்னொருவருக்கு, மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டது. தை மாதத்தில் என்ன மழை என்று அவர் கேட்கவில்லை, இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. ஒருவரிடம் மட்டும், "ஒங்க பையனுக்குப் பொண்ணு பாத்திருக்கோம், கம்ப்யூட்டர மூடிட்டு வாங்க, பேசணும்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நான் எண்ணைப் படித்துக்கொண்டே இருந்தேன். முப்பத்திரண்டு. இருபத்தாறு. நடுவில் முப்பதாக ஏறியது. ரெயூனியனில் இருக்கும் மாமனாரின் அண்ணன் மகன், தன் பங்குக்கு நாலு வீட்டுக்குச் சொல்லியிருந்தாராம். கலா அவருக்கும் போன் போட்டாள். பத்தொன்பது. பத்து. படம் இரண்டு அடி ஓடியது. ஒன்பதுக்குப் பத்து. எங்கள் பக்கம் முன்னால் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியாது. குமரன் கணினி மேசைப் பக்கம் குனிந்து எதையோ பார்த்துவிட்டுப் போனான். ஐந்து. நான்கு. மூன்று.

இரண்டு.

"ஒண்ணு நாம. இன்னொண்ணு யாரு?" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தோம். கலா போனை என் கையில் திணித்தாள். "எங்கப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். மாப்ள நீங்கதான் தட்டு வெச்சிக் கூப்புட்டீங்க."

பன்னிரண்டுக்குப் பதினொன்று. எதிராளிக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். படம் மறுபடி நின்றது. மாமனாருக்குப் போன் செய்தேன்.

"மாமா, பாத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"பத்தரைலேருந்து பாத்துக்கினுதான் இருக்கேன் மாப்ள."

"படம் நல்லாத் தெரியுதா?"

"பிரமாதமாத் தெரியுது. ஒரு ஆட்டம் அசவு இல்ல. மல, ஏரி, ஓரத்துல ரெண்டு மரம். ஆளுங்கதான் இன்னும் யாரும் வரல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கணினியைத் திறந்ததும் பின்னால் தெரியுமே அந்த மலைப் படம், அதைத்தான் மனுஷன் சட்டையில் மெடல் குத்திக்கொண்டு இரண்டு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மாமா, குருசுக்குப்பத்துல மல ஏது?"

"அதான் நானும் யோசிச்சேன். நான் ஊரவுட்டு வந்து நாப்பது வருஷம் ஆச்சே, மாறியிருக்கும்னு நெனச்சேன்."

அப்படியானால் அவர் இல்லை. பின்னே யார்?

6

அப்போதுதான் காதில் விழுந்தது. என் கணினியில் எல்லோரும் உறைந்துபோய் நிற்கிறார்கள். ஆனால் எங்கேயோ கூட்டத்தின் சத்தம் கேட்கிறது. "அடி குமாரு, அடி குமாரு" என்று. நடைவழியின் கோடியிலிருந்து வருகிறது.

கதவைத் தட்டினேன். 'அப்புறம்' என்று பதில் வரவில்லை. திறந்தேன்.

நிவேதா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் கணக்குப் புத்தகம், மூடியபடி. எதிரே அவள் மடிக்கணினி. அதில் வெயில். மேசை விளக்கின் கழுத்தில் மஞ்சள் மூலையோடு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவளாகவே எடுத்திருக்கிறாள். பாரிசைச் சுற்றி இருக்கிற சனம் அத்தனைக்கும் ரயிலேறிப் போய்த் தட்டு நீட்டியவன், இந்த ஒரு கதவைத் தட்டி ஒரு சீட்டு நீட்டவில்லை.

"எப்பலேருந்து பாக்குற?"

"மொதல்லேருந்து" என்றாள். தமிழில்தான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அப்பா, ரெண்டு பேர் இருந்தா நின்னு நின்னு வருது. உன்னோடத மூடேன்."

கூடத்துக்குப் போனேன். என் கணினியில் தம்பி பாதி குனிந்தபடி நின்றுகொண்டிருந்தான். அதை மூடுவதற்கு ஒரு விரல் போதும், அந்த விரலைக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டேன். இங்கே மூடி, அங்கேயும் வராமல் போனால்? கலா என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மூடிவிட்டாள்.

முசே மார்செலையும் அழைத்துக்கொண்டு போனோம். "செருப்பு" என்றாள் நிவேதா. அவர் கழற்றிவிட்டு வந்தார். அந்தக் கட்டிலில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்தோம். வடைத் தட்டு கணக்குப் புத்தகத்தின்மேல்.

கீழே, ஒன்று என்று இருந்தது. படம் தண்ணீராக ஓடியது. வியர்வைகூடத் தெரிந்தது.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மரக்குண்டை ஒட்டி எதிராளியின் குண்டு. எங்கள் பக்கத்துக் குண்டு ஒன்று அதற்கு அப்பால், கொஞ்சம் தள்ளி. குமரனிடம் கடைசிக் குண்டு. துண்டால் துடைத்தான். வலது தோளை ஒரு தடவை சுழற்றிப் பார்த்தான். முகம் சுருங்கியது. பிறகு மேசைப் பக்கம் எட்டி, கணினியைப் பார்த்தான். எதையோ படித்த மாதிரி இருந்தது. நேரே கேமராவைப் பார்த்தான்.

"சித்தப்பா நம்மளப் பாக்குறாரு" என்றாள் நிவேதா.

வட்டத்துக்குள் போனான். முட்டியை மடக்கினான். எறிந்தான். இந்தத் தடவை குண்டு நிற்கவில்லை. ஏறி, வெயிலில் ஒரு தடவை மின்னி, இறங்கி, ணங்கென்று எதிராளியின் குண்டுமேல் பட்டது. முசே மார்செல் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். அடிபட்ட குண்டு உருண்டு, கல்லில் இடித்துத் திரும்பி, மரக்குண்டுப் பக்கமே மெதுவாக வந்து நின்றது. யாருடையது கிட்டே?

அந்த நிமிஷம் மொத்தக் கூட்டமும் அளந்து பார்க்க உள்ளே ஓடியது. கேமராவுக்கு முன்னால் முதுகு. லுங்கி கட்டிய முதுகு, பேன்ட் போட்ட முதுகு, குழந்தையைத் தோளில் வைத்த முதுகு. ஒரு தடங்கல் இல்லாமல், ஒரு வட்டம் சுற்றாமல், ஐந்து நிமிஷம் முதுகாகவே ஓடியது. இவ்வளவு தெளிவான படத்தை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை. முசே மார்செல், "நகருங்கள், நகருங்கள்" என்று திரையைப் பார்த்து பிரெஞ்சில் கெஞ்சினார்.

கூட்டம் விலகியது. குமரன் குனிந்து தன் குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஜெயித்த எதிராளிகள் மூன்று பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கால் மணி கழித்துப் போன் அடித்தது.

"பாத்தியாண்ணே?"

"பாத்தேன்டா. கொஞ்சம் முதுகாவும் பாத்தேன்."

"ஒரு வெரக்கட. ஈர்க்குச்சி வெச்சி அளந்தாங்க. ஒரே வெரக்கடண்ணே."

"அடி நல்லாப் பட்டுதுடா. இங்க ஒரு முசே எழுந்து நின்னுட்டாரு."

அவன் சிரிக்கவில்லை. "நாப்பத்தொண்ணு இருந்துது, நானே பாத்தேன். கை தன்னால பறந்துச்சி. அப்புறம் எட்டிப் பாத்தா பத்து. அப்புறம் மூணு. நான் வுட வுட ஒவ்வொருத்தரா ஏந்திரிச்சிப் பூட்டாங்க இல்ல?"

"இல்லடா! நாங்கதான்டா மூடச் சொன்னோம். கொழா ஒண்ணு, கொடம் நாப்பத்தொண்ணு. பாஸ்கரு ஒண்ணும் சொல்லலியா?"

"ஆட்டத்துக்கு நடுவுல ஆடறவன்கிட்ட பேசக்கூடாதுண்ணே. ரூலு." குண்டுகளைப் பைக்குள் போடும் சத்தம் கேட்டது. "சரி வுடு. கடேசி குண்டுக்கு முன்னால பாத்தேன், ஒண்ணுன்னு இருந்துது. அது போதும்ணே. எங்க அண்ணன் ஏந்திரிக்காதுன்னு நெனச்சிதான் அடிச்சேன்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கலா அன்று காலையிலிருந்து சொன்ன பொய்களில் இதுவும் ஒன்றாகப் போயிருக்கும்.

"அது நான் இல்லடா. என்னோடதயும் மூடிட்டேன்."

"பின்ன?"

"நிவேதா. மொதல்லேருந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கா. எங்களுக்கே தெரியாது. நாங்க எல்லாம் அவ ரூமுல போய்க் குந்திதான் பாத்தோம்."

"அலோ" என்றேன். பதில் இல்லை. பரண்மேல் எட்டிப் பார்த்தேன், பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. போனில் பின்னாலிருந்து குருசுக்குப்பத்துக் கூட்டத்தின் இரைச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"குமாரு, லைன்ல இருக்கியாடா?"

"இருக்கேன், இருக்கேன்" என்றான். "எம் பொண்ணுகிட்ட குடு."